லீராயின் ஐந்தாவது விசை

லீராய் ஹவ்ரில்லா தன் கைத்துப்பாக்கிக்கு விசை மாற்றியது அந்த வருஷத்தில் நான்காவது தடவை. துப்பாக்கி பழையதுதான். குழல் அதே, பிடி அதே, வாங்கி வந்த அன்றைக்கே சமையலறைத் தரையில் போட்டு வாங்கிய கீறல்கூட அதே. ஆள்காட்டி விரல் போய் உட்கார்கிற அந்தச் சின்ன நாக்கு மட்டும் பருவத்துக்கு ஒன்றாக மாறிக்கொண்டிருந்தது.

தொழிற்சாலையிலிருந்து வந்த விசை, மணலில் சாக்கு மூட்டை இழுக்கிற மாதிரி இருக்கிறதென்று கழற்றினான். அடுத்து வந்தது தட்டையான விசை. அதில் விரல் எங்கே நிற்பது என்று தெரியாமல் மேலும் கீழும் அலைந்தது. மூன்றாவது, தும்மினால் வெடித்துவிடும் அளவுக்கு இலேசு. அதை மாட்டிய வாரம் முழுக்கத் துப்பாக்கியைப் பார்த்தாலே அவனுக்கு மூக்கு அரித்தது. நான்காவது சிவப்பு. அதில் சிவப்பைத் தவிர வேறு வித்தியாசம் எதுவும் அவனுக்குத் தெரியவில்லை, ஆனால் அதை யாரிடமும் சொல்லவில்லை. இப்போது ஐந்தாவது. வியாழக்கிழமை தபாலில் வந்தது, அன்று மாலையே சாப்பாட்டு மேசையில் அறுவை சிகிச்சை முடிந்தது. ஒரு சுருள்கம்பி பறந்துபோய்க் குளிர்பெட்டிக்குப் பின்னால் விழுந்ததையும் அதை எடுக்க அவன் தரையோடு தரையாகப் படுத்ததையும் சேர்த்து, மொத்தத்தில் வெற்றி.

"ஊர்ல அவனவன் தனக்கு மூட்டு மாத்திக்கிறான். நான் துப்பாக்கிக்கு மாத்துறேன். செலவு கம்மி, ஆஸ்பத்திரி சாப்பாடு கிடையாது" என்பான்.

விசைகள் மாறின. குண்டு போய் விழும் இடம் மாறவில்லை. இலக்குத் தாளை ஒரு கடிகாரம் என்று வைத்துக்கொண்டால், லீராயின் குண்டுகள் எப்போதும் ஏழு மணிக்குப் போய்ச் சேரும். இடப்பக்கம், கீழே. கூட்டமாக, ஒழுங்காக, சர்ச்சுக்குப் போகிற குடும்பம் மாதிரி.

ஆனால் அந்தச் சனிக்கிழமை அவன் நினைப்பு முழுக்க இருந்தது விசை அல்ல. பெண்டாட்டி டோரீன் கூட வருகிறாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கிளிங்கர் ரன் ஊர்ப்பக்கத்து ஆண்கள் எல்லாரும் வாழ்க்கையில் ஒரு தடவை செய்கிற தப்பை லீராயும் செய்திருந்தான். பெண்டாட்டிக்குக் கை சின்னது, ஆகவே சின்னத் துப்பாக்கி. பிறந்தநாளுக்கு உள்ளங்கையில் அடங்கும் ரிவால்வர் ஒன்றை, இளம் ஊதாப் பிடி போட்டு, ரிப்பன் கட்டிக் கொடுத்தான். துப்பாக்கி எவ்வளவு சின்னதோ உதை அவ்வளவு பெரியது என்பதும், அந்த வகையின் விசையை இழுக்கக் குதிரையே வேண்டியிருக்கும் என்பதும் கடையில் நின்றபோது அவன் மண்டையில் ஏறவில்லை. டோரீன் இரண்டே தடவை சுட்டாள். சூடான வாணலியைக் கீழே வைப்பது போல அதை மேசையில் வைத்தாள். காருக்குப் போய்க் குறுக்கெழுத்தைப் போட்டு முடித்தாள். அதோடு சரி.

மகள் கல்யாணம் ஆகி ஓரிகனுக்குப் போன பிறகு வீடு ரொம்பவும் அடங்கிவிட்டது. டோரீனுக்குக் கார் கொட்டகையில் குஷன் வேலை. வட்டாரம் முழுக்க உள்ள கிழட்டு சோபாக்கள் அவளிடம் வந்துதான் தோல் உரித்துப் புதுத் தோல் போட்டுக்கொள்ளும். லீராய்க்கு வாரம் முழுக்கச் சாலைத் துறையில் வேலை, சனிக்கிழமை துப்பாக்கி கிளப். இருவரும் ஒரே கூரைக்குக் கீழ் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி, "பால் தீர்ந்துடுச்சு", "குப்பை வண்டி நாளைக்கு" என்று பேசிக்கொண்டிருந்தார்கள். லீராய்க்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. சனிக்கிழமை மதியம் கிளப் பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஹாம் சாண்ட்விச் தின்ன வேண்டும். அதை அப்படியே வாய்விட்டுக் கேட்க வெட்கமாக இருந்ததால், "ஒரு தடவை வந்து சுட்டுப் பாரேன்" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

கடைசியில் அவள் இறங்கி வந்தாள். "ஒரே ஒரு சனிக்கிழமை. பிடிக்கலேன்னா, நீ இனிமே ஜென்மத்துக்கும் கேக்கக் கூடாது. சம்மதமா?"

சம்மதம் என்றான். வேறென்ன சொல்வான்?

வண்டி மலையேறும்போது அவள் இன்னொரு நிபந்தனை சேர்த்தாள்.

"அங்க வந்து எனக்குப் பாடம் எடுக்கக் கூடாது, லீராய்."

"நான் எப்போ பாடம் எடுத்தேன்?"

"போன வாரம் நான் அடுப்புப் பத்தவைக்கிறப்போ. அந்தத் திருகு எந்த எடத்துல தொடங்கி எந்த எடத்துல பிடிக்குதுன்னு முட்டை கருகுற வரைக்கும் சொன்னே."

"அது நல்ல திருகு, டோரீன். மொதல்ல கொஞ்ச தூரம் சும்மா வரும், அப்புறம் ஒரு சுவர் மாதிரி நிக்கும், அப்புறம் பட்டுனு—"

"லீராய்."

"மூடிட்டேன்."

கிளப்பில் கைத்துப்பாக்கி வரிசை அன்று பாதி காலி. மான் வேட்டை சீசன் நெருங்கியதால் கூட்டமெல்லாம் அந்தப் பக்கம், ரைபிள் மேட்டில். இந்தப் பக்கம் வழக்கமான ஆட்கள் மட்டும். செட் பால்கோ, ஊரின் நாவிதன். கத்தரி பிடித்துப் பழகிய அவன் விரலுக்கு விசை காற்று மாதிரி இருக்க வேண்டும். கிப், லீராயோடு சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன், கரடிக் கை. தொழிற்சாலைக்காரன் வைத்த விசையைத் தொடுவது பைபிளைத் திருத்துவதற்குச் சமம் என்பது அவன் கட்சி. கடைசி பெஞ்சில் ஆர்வில் மெட்ஸ், பழைய போலீஸ் காலத்து நீளக்குழல் ரிவால்வரோடு தனியாக. ஆர்வில் தனியாக இருந்ததற்குக் காரணம் லீராய்தான். மூன்று கோடைக்கு முன்னால், அந்த ரிவால்வரின் விசையை இழுப்பது மழையில் ஊறி உப்பிய மர டிராயரை இழுப்பது போல என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். அதிலிருந்து இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தலைகூட அசைப்பதில்லை.

"அட, டோரீன்! வாம்மா, வா" என்று செட் எழுந்தான். "இவன் உன்னை என்ன சொல்லி ஏமாத்திக் கூட்டியாந்தான்?"

"சாண்ட்விச்னு சொன்னான்."

"அது மட்டும் உண்மை. இந்தா, மொதல்ல என்னோடதை இழுத்துப் பாரு."

அங்கே ஒருவன் தன் துப்பாக்கியை இன்னொருவர் கையில் கொடுப்பதற்கு ஒரு முறை உண்டு. தோட்டா அடுக்கிய மேகசினை உருவி மேசையில் வைக்க வேண்டும். மேல்தகட்டைப் பின்னுக்கு இழுத்துத் திறந்தபடி நிறுத்த வேண்டும். உள்ளே தான் பார்க்க வேண்டும், பிறகு வாங்குகிறவரைப் பார்க்க வைக்க வேண்டும். குழந்தையைக் கைமாற்றும்போது தலையைத் தாங்கிப் பிடிப்பது போல அதை யாரும் யோசித்துச் செய்வதில்லை. செட் அத்தனையும் செய்து நீட்டினான். பின்னாலேயே கிப்பும் தன்னுடையதைத் திறந்து பிடித்துக்கொண்டு, கல்யாணப் பந்தியில் அடுத்த தட்டுக்குக் காத்திருப்பவன் போல நின்றான்.

லீராய் இரண்டு உதடுகளையும் பல்லுக்குள் இழுத்துக்கொண்டான்.

எல்லாரும் காதுமூடி மாட்டிக்கொண்டார்கள், செட் மேகசினைத் திரும்பப் பொருத்தித் தந்தான். டோரீன் செட்டின் துப்பாக்கியை இரண்டு கையாலும் பிடித்து, நிதானமாக உயர்த்தி, விரலைக் கொண்டுபோய் விசையில் வைத்தாள். வைத்ததுதான் தெரியும். டப்! இலக்குக்கு ரொம்பத் தூரம் முன்னால் மண் சீறியது.

"நான் இன்னும் கேக்கவே இல்லையே. அதுக்குள்ள பதில் சொல்லிடுச்சு" என்றாள்.

"அதாம்மா அதோட அழகு!" என்றான் செட்.

"என் மருமகன் இப்படித்தான். இது வேணாம்."

அடுத்தது கிப்பினுடையது. அவள் இழுத்தாள், இழுத்தாள், விசை பாதியில் நின்று யோசித்தது, மறுபடி இழுத்தாள், பிறகு எதிர்பாராத நேரத்தில் வெடித்தது. தாளின் மேல் ஓரத்தில் ஒரு ஓட்டை.

"இது எங்க அத்தை. முடியாது முடியாதுன்னுக்கிட்டே இருந்துட்டு, திடீர்னு கத்துறாங்க."

கிப் முகம் வாடினாலும் சிரித்தான். லீராய்க்கு உள்ளுக்குள் பூரிப்பு. இருவரும் தோற்றாயிற்று. இனி அவன் முறை. ஐந்தாவது விசையை உள்ளங்கையில் ஏந்தி வந்து, திறந்து காட்டி, ஒரு வார்த்தை பேசாமல் கொடுத்தான். அந்த ஒரு வார்த்தை பேசாமல் இருந்ததற்கே அவனுக்கு ஒரு பதக்கம் கொடுத்திருக்கலாம். டோரீன் நான்கைந்து தடவை சுட்டாள். குண்டுகள் தாளில் ஆளுக்கொரு மூலையாகப் போய் விழுந்தன. இறக்கி வைத்தாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"ட்ரிகர் எப்படி இருக்குன்னு கேட்டேன்."

"ட்ரிகர் மாதிரி இருக்கு."

இதைத்தான் லீராயால் தாங்க முடியவில்லை. கெட்டது என்று சொல்லியிருந்தால் தாங்கியிருப்பான். "ட்ரிகர் மாதிரியா? டோரீன், கொஞ்சம் கவனிச்சுப் பாரு. மொத அசைவுல ஒரு சொரசொரப்பு இருந்துதா? இல்லேல்ல? அந்தச் சுவர்ல போய் நிக்கிறப்போ விரலுக்கு ஒரு கண்ணாடி மாதிரி… விட்டதும் திரும்ப வந்து ஒக்காருற தூரம் இருக்கு பாரு, அது—"

அது எவ்வளவு என்று அவன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து அளந்து காட்டிக்கொண்டிருந்தபோது, டோரீன் காதுமூடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

"வண்டிச் சாவி யாருகிட்ட இருக்கு?"

செட் தன் துப்பாக்கியைத் துடைக்க ஆரம்பித்தான். அது சுத்தமாகத்தான் இருந்தது.

லீராயின் கை சட்டைப் பையைத் தொட்டது. சாவி அங்கேதான். ஒரே ஒரு சனிக்கிழமை, அதையும் அரை மணியில் நாசம் பண்ணியாயிற்று. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தான். மன்னிப்பிலும் விசை பற்றி ஏதாவது வந்துவிடுமோ என்று பயந்து மூடிக்கொண்டான்.

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஆர்வில் எழுந்து வந்தான். உருளையை வெளியே தள்ளித் திறந்தபடி ரிவால்வரைப் பிடித்திருந்தான். லீராய் நின்ற பக்கம் மரம் நிற்பதாக நினைத்துக்கொண்டு அதைச் சுற்றி வந்தான்.

"போறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை இழுத்துப் பாக்குறீங்களா? குண்டு வேணாம், சும்மாதான்."

டோரீன் பையை இறக்காமலே வாங்கி, மண்மேட்டைப் பார்த்து வெறுமனே இழுத்தாள். உருளை மெல்லச் சுற்றியது, பின்சுத்தி எழுந்தது, எழுந்துகொண்டே போனது, விழுந்தது.

"நீளமா வருதே."

"வரும். அதுக்கு அவசரம் கிடையாது."

மறுபடி இழுத்தாள். இன்னொரு தடவை. பை தோளிலிருந்து வழுக்கி மேசைக்கு வந்தது. வாரம் முழுக்க சோபாக் கம்பியில் துணியை இரும்பு வளையம் போட்டு இறுக்குகிற குறடைப் பிடிக்கும் கை அது. இந்த இழுப்பு அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

"இது எப்போ விழும்னு எனக்குத் தெரியலை."

"எனக்கும் தெரியாது. இத்தனை வருஷமாச்சு" என்றான் ஆர்வில். "தெரியாம இருக்குறதுதான் நல்லது. குண்டு போட்டுத் தரட்டா?"

காதுமூடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். ஆறு குண்டு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் அவள் மூச்சு விட்டுக்கொண்டாள். சுட்டு முடித்ததும் செட் "தளம் காலி!" என்று கூவினான். எல்லாரும் துப்பாக்கியை விட்டு விலகினார்கள், கிப் போய்த் தாளைக் கொண்டுவந்தான். காபித் தட்டு ஒன்றை வைத்தால் ஐந்து ஓட்டைகள் மறைந்துவிடும். ஆறாவது தட்டின் ஓரத்தில்.

டோரீன் சிரித்தாள். முன்பல் இடைவெளி தெரிய, முகம் முழுக்க. அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று லீராய் யோசித்தான். சந்தோஷம் வந்தது. கூடவே வயிற்றெரிச்சலும் வந்தது. இரண்டும் ஒரே வயிற்றில் இடம் பிடிக்கச் சண்டை போட்டன. வயிற்றெரிச்சல் ஜெயித்தது.

"அவ்ளோ நீளக் குழல், அவ்ளோ கனம். அதுல யாரு வேணா அடிக்கலாம்" என்றான்.

"நீதானேடா அதை டிராயர்னே" என்றான் செட்.

"டிராயர்தான். நல்ல டிராயர். இப்போ பாருங்க, ஒரு சரியான ட்ரிகர் என்ன பண்ணும்னு."

போய் நின்றான். ஐந்தாவது விசையில் விரல் வைத்தான். ஒரு மேகசின் முழுக்கச் சுட்டான். தாள் வந்தது. ஏழு மணி. குடும்பம் முழுதும் ஆஜர்.

லீராய் தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தான். அப்போது அது ஒரு மணி ஆயிற்று, வேறு பயன் இல்லை. "ட்ரிகர் இன்னும் பழகலை. ரெண்டு நாள்தானே ஆச்சு. உள்ள ஒரு எடத்துல லேசா பிடிக்குது."

செட்டும் கிப்பும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு கிப் தன் கரடிக் கைகளைத் தட்டினான். "சொல்லிட்டான்! சொல்லிட்டான்டா! ட்ரிகரைக் குத்தம் சொல்லிட்டான்!"

"அது குத்தம் இல்லை, ஒரு—"

"ரூல்னா ரூல்!"

அந்த விதி கிளப்பில் இரண்டு குளிர்காலமாக நடைமுறையில் இருந்தது. வரிசையில் நின்றுகொண்டு தன் விசையைக் குறை சொல்கிறவன், அடுத்த மேகசினை இன்னொருவர் கையால் நிரப்ப வைத்துச் சுட வேண்டும். நிரப்புகிறவர் நடுநடுவே மருந்தில்லாத பொய்த்தோட்டாவைக் கலந்துவிடுவார். எது நிஜம், எது பொய் என்று சுடுகிறவனுக்குத் தெரியாது. நிரப்புவது யார் என்றால், அன்றைக்கு யார் நன்றாகச் சுட்டார்களோ அவர். கிப்பின் வாயை அடைப்பதற்காக இந்த விதியைப் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று முன்மொழிந்தவன் லீராய் ஹவ்ரில்லா. பலத்த கைத்தட்டல் வாங்கினான். அதற்குப் பிறகு இன்றுவரை வரிசையில் நிற்கும்போது வாயைக் கட்டி வைத்திருந்தான். குறையெல்லாம் வீட்டுக்குப் போய்த்தான்.

இப்போது எல்லாரும் டோரீனைப் பார்த்தார்கள்.

"நான் என்ன பண்ணணும்?"

ஆர்வில் பையிலிருந்து ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் தோட்டாக்களை எடுத்து அவள் உள்ளங்கையில் கொட்டினான். "இது வெடிக்காது. இதையும் அதையும் கலந்து போடுங்க. உங்க இஷ்டம் போல. அவனைப் பாக்க விடாதீங்க."

அவள் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு நிரப்பினாள். ஒவ்வொரு தோட்டாவும் உள்ளே இறங்கும் க்ளிக் லீராய்க்குக் கேட்டது. அவள் தோள் குலுங்கியதும் தெரிந்தது.

மேகசினை வாங்கிக்கொண்டான். மாட்டினான். டப். டப். எல்லாம் சரியாகத்தான் போகிறது என்று நினைத்தான். மூன்றாவது இழுப்பில் விசை விழுந்தது, சத்தம் வரவில்லை. ஆனால் துப்பாக்கியின் மூக்கு மட்டும் பெரிய கெளுத்தி மீன் தூண்டிலை இழுத்த மாதிரி விசுக்கென்று இடப்பக்கம் கீழே பாய்ந்தது.

"மீன் மாட்டிடுச்சுடா! விடாதே, இழு இழு!" என்றான் செட்.

கிப் குடித்த காபி மூக்கு வழியாக வந்தது.

குண்டு வெடிக்கும்போது துப்பாக்கி தானே துள்ளும். அந்தத் துள்ளலில் இந்தப் பாய்ச்சல் மறைந்துவிடும், சுடுகிறவனுக்கே தெரியாது. வெடிக்காதபோதுதான் அம்மணமாக நிற்கும். லீராய் பொய்த்தோட்டாவைத் தள்ளி வெளியேற்றினான், மறுபடி உயர்த்தினான். டப். அடுத்தது மறுபடி பொய். மறுபடி கெளுத்தி. இந்தத் தடவை இன்னும் பெரிய மீன்.

துப்பாக்கியைக் கீழே வைத்தான். அந்த அவமானத்திலும் கை தன் வேலையைச் செய்தது. மேகசின் வெளியே வந்தது, மேல்தகடு திறந்து நின்றது. பிறகு அந்தக் கை சட்டைப் பைச் சாவிக்குப் போனது. சீட்டாட்டத்தில் தோற்றால், ஏலத்தில் ஏமாந்தால், லீராய்க்கு ஒரு வழக்கம் உண்டு. "முட்டி வலிக்குது" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். அந்த முட்டி மருத்துவரிடம் ஒருநாளும் வலித்ததில்லை.

டோரீன் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து நின்று அவன் முகத்தைப் பார்த்தாள்.

"கண்ணை மூடுறே."

"இல்லையே."

"மூடுறே, லீராய். நான் பக்கத்துலேர்ந்து பாத்தேன். நம்ம கல்யாணப் போட்டோவுல இருக்குற மாதிரியே."

முட்டி வலி நாக்கு நுனிவரை வந்தது. வண்டி அங்கேதான் நின்றது. ஏறிப் போய்விட்டால் அவளும் கூடவே ஏறிக்கொள்வாள். அதன் பிறகு சனிக்கிழமைகளில் அவள் கொட்டகையில், இவன் இங்கே. அதை நினைத்ததும் முட்டி வலி நின்றுவிட்டது.

குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி கிசுகிசுத்தான். காதுமூடி போட்டிருக்கிறவன் கிசுகிசுப்பது கிசுகிசுப்பாக இருக்காது என்பது அந்த நேரத்தில் அவனுக்கு நினைவில்லை. ரைபிள் மேட்டில்கூட ஒருவன் திரும்பிப் பார்த்தான்.

"எனக்கு அந்தச் சத்தம் பிடிக்காது, டோரீன்! மொத நாள்லேர்ந்தே! வெடிக்கப்போவுதுன்னு தெரிஞ்சாலே கண்ணு தானா மூடிக்கும்! ட்ரிகரை மாத்தினா சரியாப்போயிடும்னு பாத்தேன்!"

டோரீன் கை நீட்டி அவன் காதுமூடியை ஒரு பக்கம் தூக்கினாள். "அப்புறம் ஏன் வாரா வாரம் வர்றே?"

லீராய் சுற்றிப் பார்த்தான். எல்லாருக்கும் கேட்டுவிட்டது என்பது அப்போதுதான் புரிந்தது. ஆரம்பித்ததை முடித்துவிட வேண்டியதுதான். "இவனுங்க இங்கதானே இருக்கானுங்க" என்றான் மெதுவாக.

செட் தலையை நிமிர்த்தி மேப்பிள் மரங்களை ஆராய்ந்தான். "இந்த வருஷம் இலை சீக்கிரம் கொட்டுதில்ல?" என்றான். "ஆமா, ரொம்ப சீக்கிரம்" என்று கிப் தன் கண்ணாடியைத் துடைத்தான். துடைத்தான், வெயிலுக்கு எதிராகப் பிடித்துப் பார்த்தான், மறுபடி துடைத்தான். இரண்டு பேருக்கும் இயற்கைமேல் இவ்வளவு ஈடுபாடு இருக்கும் என்று லீராய் நினைத்ததில்லை.

ஆர்வில் மட்டும் தன் பையைத் துழாவினான். இரண்டு பஞ்சு அடைப்பான்களை எடுத்து லீராயின் பெஞ்சில் வைத்தான்.

"இதைக் காதுக்குள்ள வையி. அதுக்கு மேல மூடியை மாட்டு. நான் அப்படித்தான்."

"நீயா?"

"பின்னே? நான் என்ன செவிடா?"

லீராய் அடைப்பான்களைக் கையில் உருட்டினான். "தேங்க்ஸ், ஆர்வில். அந்த டிராயர் பேச்சு…"

"போவுது. கொஞ்சம் டிராயர் மாதிரிதான் இருக்கும்" என்று ஆர்வில் மூக்கைச் சொறிந்தான். "மழைக்காலத்துல."

லீராய் சாவியை எடுத்து டோரீனிடம் நீட்டினான். "போலாம்னா போலாம். நான் பேச மாட்டேன்னு சொல்லிட்டுப் பேசிட்டேன். இனிமே கேக்கவும் மாட்டேன்."

டோரீன் சாவியை வாங்கிக் கைப்பைக்குள் போட்டாள். பையை மூடி, பெஞ்சுக்குக் கீழே தள்ளினாள். பிறகு மேசையில் கிடந்த மேகசினை எடுத்துக்கொண்டாள்.

"போறதா? இப்போதான் எனக்கு சுவாரசியமாவே இருக்கு. அந்த ஆரஞ்சு குண்டெல்லாம் எங்க?"

"டோரீன், வேணாம்மா. போதும்."

"பஞ்சை வையி காதுல. ஆர்வில், இன்னும் இருக்கா அது? இவனுக்கு இந்தத் தடவை நெறைய வேணும்."

அவள் நிரப்பிக் கொடுத்தாள், அவன் சுட்டான். பஞ்சுக்கும் மூடிக்கும் அப்பால் அந்தச் சத்தம் பக்கத்து வீட்டுக் கதவு சாத்துகிற அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஆனாலும் முதல் பொய்த்தோட்டாவுக்குத் துப்பாக்கி முங்கியது. டோரீன் "ஆங்!" என்று கையைத் தட்டினாள். அடுத்த பொய்க்கும் முங்கியது, ஆனால் கெளுத்தி அல்ல, சின்னக் கெண்டை. அதற்கும் "ஆங்!" மேகசினின் கடைசியில் அவன் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல இழுத்தான். விசை விழுந்தது. ஒன்றும் வெடிக்கவில்லை. துப்பாக்கி இருந்த இடத்தில் இருந்தது.

திரும்பி அவளைப் பார்த்தான். அவள் முகத்தில் ஏமாற்றம் அப்பட்டமாகத் தெரிந்தது.

"ஏய், அது எனக்குப் பிடிக்கலை" என்றாள். "குடு. இன்னொரு தடவை. இந்த வாட்டி நான் வேற மாதிரி போடுறேன்."

"உனக்கு சுட வேணாமா? ஆர்வில் தர்றான்."

"சுடுறது பரவாயில்லை, பாதி சத்தம், பாதி புகை. ஆனா இதை நெரப்பிக் குடுத்துட்டுப் பக்கத்துல நின்னு உன் மூஞ்சியைப் பாக்குறது இருக்கு பாரு…" அவளுக்குச் சிரிப்பு வந்து வாக்கியம் நின்றது. "இத்தனை வருஷத்துல நீ அடுத்து என்ன பண்ணப்போறேன்னு எனக்குத் தெரியாத ஒரே எடம் இதுதான்."

செட் அடுப்பில் ஹாமைச் சூடு பண்ணப் போனான். வெங்காய வாசனை வந்தது. டோரீன் பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் தோட்டாக்களைக் குவித்து, ஒன்றை எடுத்தாள், யோசித்தாள், அதை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தாள்.

"அடுத்த சனிக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்புவே?"

"ஒன்பதுக்கு. எப்பவும் ஒன்பதுக்குத்தான்."

"எட்டரைக்கே போலாம். திரும்பி நில்லு. இந்தப் பக்கம் பாக்காதே."

அவன் திரும்பி நின்றான். எதிரே வண்டிகள் நிற்கும் இடம், அதற்கப்பால் மலை. முதுகுக்குப் பின்னால் க்ளிக், க்ளிக் என்று தோட்டாக்கள் இறங்கின. எது நிஜம், எது பொய் என்று காதை எவ்வளவு தீட்டியும் அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தாள்.

"பாக்கலியே?"

"பாக்கலை."

"நம்பிட்டேன்" என்றாள், இன்னொன்றை உள்ளே தள்ளியபடி.